கட்சிக்காரர் இல்லாத வக்கீல்

நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பகுதியில் காடு அழிவதைத் தடுக்கக் கோரி, நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அடுத்த ஆண்டு டிசம்பர் 12-ல் வந்த உத்தரவு, நிலம் யாருக்குச் சொந்தமானாலும் அது காடாக இருந்தால் 1980-ம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும் என்றது. மலையோர ஊரின் வழக்கு இந்தியக் காடுகள் அனைத்துக்குமான வழக்காகிவிட்டது. ஆண்டுக்கணக்கில் நீண்ட அந்த வழக்கில் ஒவ்வொரு மாநிலத்தின் காட்டுப் பிரச்சினையையும் நீதிபதிகள் முன் வைத்தவர்களில் முதன்மையானவர் ஹரீஷ் சால்வே. அவருக்குக் கட்சிக்காரர் கிடையாது. நீதிமன்றமே தன் உதவிக்கு அமர்த்திய ‘அமிகஸ் கியூரி’ அவர்.

வாதியும் பிரதிவாதியும் தங்களுக்குச் சாதகமானதைத்தான் சொல்வார்கள். இருவருமே பேசாமல் விடுவதை எடுத்துச் சொல்வதுதான் அமிகஸின் வேலை. அவர் சொல்வதை ஏற்க வேண்டிய கட்டாயம் நீதிபதிக்கு இல்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் அக்கறையுள்ள அமைப்புகள் தாமாகவே எழுத்துபூர்வ வாதங்களைத் தாக்கல் செய்கின்றன; பெரிய வழக்கென்றால் அவை நூறைத் தாண்டும். இங்கே பெரும்பாலும் நீதிமன்றமே ஆளைத் தேர்வு செய்கிறது. யாரைத் தேர்வு செய்கிறது என்பதில்தான் சிக்கலே.

சபரிமலை வழக்கில் இரண்டு அமிகஸ்கள். எல்லா வயதுப் பெண்களையும் கோவிலுக்குள் அனுமதிக்க வேண்டும் என்றார் ராஜு ராமச்சந்திரன். கூடாது என்றார் கே. ராமமூர்த்தி. 2018-ல் 4:1 என்ற பெரும்பான்மைத் தீர்ப்பு எல்லா வயதுப் பெண்களையும் அனுமதித்தது. கட்சிக்காரர் இல்லாதவருக்கும் கருத்து உண்டு. ஒருவரை மட்டும் கேட்டிருந்தால், அவருடைய கருத்தே நடுநிலை என்ற பெயரில் நின்றிருக்கும்.

குற்றம் சாட்டப்பட்டவருக்கு வக்கீல் வைக்க வசதியில்லாவிட்டால், அவருக்காகவும் அமிகஸ் வருகிறார். மத்தியப் பிரதேசத்தில் ஒரு மரண தண்டனை வழக்கில், அமிகஸ் நியமனமான அன்றே குற்றச்சாட்டும் பதிவானது. இரண்டே வாரத்தில் தீர்ப்பு. 2019-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. ஆயுள் அல்லது மரண தண்டனைக்கு வாய்ப்புள்ள வழக்குகளில் அமிகஸுக்குக் குறைந்தது 10 ஆண்டு அனுபவமும், தயாராவதற்குச் சாதாரணமாக 7 நாளாவது அவகாசமும் வேண்டும் என்றது.

காட்டு வழக்கில் அமிகஸுக்கு ஆண்டுகள் கிடைத்தன. உயிர் போகும் வழக்கில் ஒரு நாள்கூட இல்லை. அவகாசத்துக்கு விதி வந்துவிட்டது. தேர்வுக்கும் அதுபோல் ஒன்று வேண்டும்: ஏன் இவர் என்பதை உத்தரவிலேயே எழுத வேண்டும், சர்ச்சைக்குரிய வழக்கில் மாறுபட்ட பார்வை கொண்ட இருவரையாவது கேட்க வேண்டும்.