வீட்டுக் கணிப்பொறியில் ஆளுக்கொரு கணக்கு

2011-ஆம் ஆண்டு செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபின், மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துக் கிராமங்களிலும் அது பழகிய பொருளாகிவிட்டது. மகன் படிக்க வந்த கருவியிலேயே தகப்பனார் சிட்டா பார்க்கிறார், பி.எம். கிசான் தவணை வந்ததா என்று பார்க்கிறார். வங்கிப் பக்கத்தையும் திறக்கிறார். ஆனால் நான் பார்த்த வீடுகள் பலவற்றில் எல்லோரும் ஒரே கணக்கில்தான் நுழைகிறார்கள். கடவுச்சொல்லும் கிடையாது.

இதனால் என்ன கெடுதல்? கடவுச்சொல்லைச் சேமிக்கட்டுமா என்று குரோம் கேட்கும்போது நாம் சம்மதித்துவிட்டால், அதே கணக்கில் உட்காரும் எவரும் நம் மின்னஞ்சலுக்குள் போய்விடலாம். மின்னஞ்சல் கைமாறினால் மற்ற இடங்களின் கடவுச்சொல்லை மாற்றவும் வழி பிறந்துவிடும். பிள்ளைகள் இறக்கும் விளையாட்டோடு கெட்ட நிரல் வந்தால், அது கணிப்பொறி முழுவதையும் பிடித்துக்கொள்ளும்.

1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பலர் ஒரே கணிப்பொறியைப் பங்கிட்டபோதுதான், அவரவர் கோப்பைக் காக்கக் கடவுச்சொல் வந்தது. நம் வீட்டு நிலைமையும் அதுவே.

கண்மாய் மடையைத் திறப்பவர் நீர்க்கட்டி ஒருவரே; மற்றவர்கள் தத்தம் வயலுக்குப் பாய்ச்சிக்கொள்வர். கணிப்பொறியிலும் 'அட்மினிஸ்ட்ரேட்டர்' கணக்கு மடைத்திறவுகோல் போன்றது. புதிய நிரல் ஏற்றவும் பிறர் கணக்கை மாற்றவும் அதற்கே உரிமை உண்டு. அன்றாட வேலைக்கு 'ஸ்டாண்டர்ட்' கணக்கு போதும், தகப்பனாருக்கும்கூட!

விண்டோஸில் செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ் என்று சென்று, 'அதர் யூசர்ஸ்' பகுதியில் புதுக்கணக்கு ஒன்று தொடங்கி அதை அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்கவும். அதில் ஒருமுறை நுழைந்து பார்த்தபின்னரே பழைய கணக்கை ஸ்டாண்டர்டாக மாற்றவேண்டும். வரிசை மாறினால் திண்டாட்டம். பழைய கணக்கு மகனிடமே இருக்கட்டும். உங்களுக்குத் தனியாக ஒன்று தொடங்கிக்கொள்ளலாம். ஆனால் பழைய கணக்கின் உலாவியில் சேமித்த உங்கள் கடவுச்சொற்களை அழித்துவிடவும். இதை மறப்பவர்கள் அதிகம், நானே மறந்திருக்கிறேன்.

கடவுச்சொல்லில் கைப்பேசி எண், சர்வே எண், பிள்ளை பெயர் வேண்டாம். நீளமே பலம். தொடர்பில்லாத நான்கு சொற்களை, நாற்று, தூக்குவாளி, சுண்ணாம்பு, ரயில் என்பதுபோல், ஆங்கில எழுத்தில் சேர்த்தடிக்கலாம் (இதையே வைத்துவிடாதீர்கள்). குறித்த காலத்துக்கொருமுறை கட்டாயம் மாற்றவேண்டும் என்ற பழைய யோசனையை அமெரிக்கத் தரநிலை நிறுவனமே 2017-இல் கைவிட்டது. பிறருக்குத் தெரிந்திருக்கும் என்ற சந்தேகம் வந்தால் உடனே மாற்றவும். தாளில் எழுதிப் பத்திரத்தோடு பெட்டியில் வைப்பதில் தவறில்லை. மடிக்கணினி மூடியில் ஒட்டுவதுதான் தவறு.

பழைய மடிக்கணினியில் விண்டோஸ் 7 இருந்தால், அதற்கான ஆதரவு 2020 ஜனவரியிலேயே நின்றுவிட்டது. விண்டோஸ் 10-க்கும் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்தது. விண்டோஸ் 7 உள்ள கருவியில் எத்தனை கணக்கு பிரித்தாலும் வங்கி வேலை பார்க்கவேண்டாம்; பாடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவுக்கும் மீறி வங்கியிலிருந்து பணம் போனது தெரிந்தால், விடியட்டும் என்று காத்திராமல் 1930 என்ற எண்ணுக்குப் பேசி, வங்கிக்கும் தெரிவிக்கவும்.