ஜாமீன் கிடைத்தும் புழலில் இருந்து வெளியே வர முடியலையா? சட்டம் சொல்வது இதுதான்!

கொருக்குப்பேட்டையில் ஒருவர் கைதாகி ரிமாண்ட் ஆனால், பெரும்பாலும் போகும் இடம் புழல். மனு போட்டு அவரைப் பார்த்து வரவே குடும்பத்துக்கு ஒரு நாள் கூலி போய்விடும். ஜாமீன் உத்தரவு வந்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளேயே இருப்பவர்களும் உண்டு.

நெரிசல் எவ்வளவு?

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 அறிக்கைப்படி, இந்திய சிறைகளில் 4,36,266 பேருக்குத்தான் இடம். இருந்ததோ 5,73,220 பேர். அதாவது 100 பேர் இடத்தில் 131 பேர். இவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். குற்றம் இன்னும் நிரூபிக்கப்படாதவர்கள்!

ஆள் பற்றாக்குறையால் என்ன ஆகும்?

6 கைதிகளுக்கு ஒரு காவலர் வேண்டும் என்கிறது 2016 மாதிரி சிறைக் கையேடு. ஆள் குறைந்தால் இருப்பவர்களுக்கு வேலைப்பளு கூடும். வழிக்காவலுக்கு போலீஸ் கிடைக்காவிட்டால் கோர்ட்டுக்கு அழைத்துப் போவது தள்ளிப்போகும். வாய்தா மேல் வாய்தா, சிறைவாசமும் நீளும்.

வெளியே வர என்ன வழி?

* பி.என்.எஸ்.எஸ். 479-வது பிரிவு: முன்பு எந்த வழக்கிலும் தண்டனை பெறாதவர், அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளே இருந்தாலே விடுவிக்கப்பட வேண்டும். மற்றவர்களுக்குப் பாதிக் காலம். உதாரணமாக, பறிப்பு வழக்கில் அதிகபட்சம் 3 ஆண்டு. முதல்முறை என்றால் ஓராண்டு போதும். இதற்கு கோர்ட்டில் மனு செய்வது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை. 2024 ஜூலை 1-க்கு முந்தைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என சுப்ரீம் கோர்ட் கூறிவிட்டது.

* ஏழைக் கைதிகளுக்கான மத்திய அரசு திட்டம்: ஜாமீன் தொகை கட்டவும், தண்டனைக் கைதியின் அபராதத்துக்கு ரூ.25,000 வரையும் உதவி கிடைக்கும்.

* ஜாமீன் கிடைத்து ஒரு மாதமாகியும் வெளியே வர முடியாவிட்டால், நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி கோர்ட்டே பரிசீலிக்கலாம் என்பது 2023-ல் சுப்ரீம் கோர்ட் தந்த வழிகாட்டுதல்.

யாருக்குப் பொருந்தாது?

மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய வழக்குகளுக்கு 479 கிடையாது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருந்தாலும் சிக்கல்தான். போதைப்பொருள், ஊழல், உபா வழக்குகளில் பண உதவியும் இல்லை.

குடும்பத்தினர் என்ன செய்யணும்?

கைதான தேதி, வழக்கு எண், சட்டப்பிரிவு மூன்றையும் குறித்து வையுங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லையா? 15100-க்கு போன் போடுங்க. சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவி எண் இது.