தண்டனை கடுமையானால் விபத்து குறையுமா?

நாமக்கல் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு பொருள்கள் நினைவுக்கு வரும். ஒன்று முட்டை, மற்றொன்று லாரி. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள், சமையல் வாயு ஏற்றிச் செல்லும் டாங்கர்கள், திருச்செங்கோட்டின் போர்வெல் ரிக் வண்டிகள், சங்ககிரியின் சரக்கு லாரிகள் - இவையெல்லாம் சேலம், நாமக்கல் சமவெளியின் அடையாளங்கள். இந்த இதழைப் படிக்கும் உங்களில் பலரின் வீட்டில் தந்தையோ, மாமாவோ, அண்ணனோ இத்தொழிலில் இருக்கக்கூடும்.

ஆகவே 2024ஆம் ஆண்டு ஜனவரி முதல் வாரத்தில் வந்த ஒரு செய்தி இப்பகுதிக்கு அயல் செய்தி அன்று. வடக்கிலும் மேற்கிலும் பல மாநிலங்களில் லாரி டிரைவர்கள் திடீரென வேலைநிறுத்தம் செய்தனர். பெட்ரோல் நிலையங்களில் நீண்ட வரிசைகள் நின்றன. காரணம், புதிய பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் இருந்த ஓர் உட்பிரிவு. கவனக் குறைவாக வண்டி ஓட்டி ஒருவரின் சாவுக்குக் காரணமாகி, காவல்துறைக்குத் தெரிவிக்காமல் தப்பி ஓடினால் 10 ஆண்டு வரை சிறை என்று அது கூறியது.

"இது போதாது, இன்னும் கடுமை வேண்டும்" என்றனர் சிலர். "இது அநியாயம்" என்றனர் டிரைவர்கள். யார் சொல்வது சரி? இயற்பியலின் துணைகொண்டு சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

மாட்டு வண்டிக் காலத்துச் சட்டம்

கவனக் குறைவால் பிறருக்குச் சாவு விளைவிப்பவருக்கு அதிக அளவாக 2 ஆண்டுச் சிறை என்பது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவு. இது 1870இல் சேர்க்கப்பட்டது. ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் தம் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்றதோ 1886இல். அதாவது, சாலையில் மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் மட்டும் ஓடிய காலத்தில் எழுதப்பட்ட அளவு அது. 2024 ஜூன் 30 வரை அதுவே நடைமுறையில் இருந்தது.

இரண்டு வண்டிகளின் இயக்க ஆற்றலை ஒப்பிட்டுப் பாருங்கள். பாரத்தோடு ஒரு டன் எடையுள்ள மாட்டு வண்டி மணிக்கு 5 கிலோ மீட்டர் வேகத்தில் போகிறது. பாரத்தோடு 30 டன் எடையுள்ள லாரி மணிக்கு 60 கிலோ மீட்டரில் போகிறது. இயக்க ஆற்றல் நிறையைப் பொறுத்து நேர் விகிதத்திலும், வேகத்தின் இருமடியைப் பொறுத்தும் கூடும். நிறை 30 மடங்கு. வேகம் 12 மடங்கு. 12இன் இருமடி 144. ஆகவே லாரியின் இயக்க ஆற்றல் மாட்டு வண்டியைப் போல் 4,320 மடங்கு! ஆற்றல் இவ்வளவு பெருகிய பின்னும் தண்டனை மாறாமலே இருந்தது.

அரை வினாடியின் விலை

எதிரே ஒரு குழந்தை ஓடி வருவதை டிரைவர் காண்கிறார். கண் கண்டதை மூளை உணர்ந்து, கால் பிரேக்கை மிதிக்கச் சிறிது நேரம் ஆகிறது. இதை எதிர்வினை நேரம் என்பர். நல்ல கவனத்தோடு இருப்பவருக்கு இதை 1 வினாடி எனக் கொள்வோம். பிரேக் பிடித்ததும் லாரியின் வேகம் வினாடிக்கு வினாடி 5 மீட்டர் வீதம் குறைவதாகவும் கொள்வோம். அப்படியானால் லாரி நிற்பதற்குள் கடக்கும் தூரம் வருமாறு:

மணிக்கு 40 கி.மீ. - 23 மீட்டர்
மணிக்கு 60 கி.மீ. - 44 மீட்டர்
மணிக்கு 80 கி.மீ. - 72 மீட்டர்

வேகம் இரு மடங்கானால் தூரம் மும்மடங்குக்கும் மேலாவதைக் கவனியுங்கள்.

இப்போது அதே டிரைவர் குடித்திருக்கிறார்; எதிர்வினை நேரம் அரை வினாடி நீண்டுவிட்டது என்று கொள்வோம். 80 கிலோ மீட்டர் வேகத்தில் அந்த அரை வினாடியில் லாரி மேலும் 11 மீட்டர் ஓடிவிடும். "11 மீட்டர்தானே?" என்று எண்ண வேண்டா. குடிக்காதவரின் லாரி முழுவதும் நின்றுவிட்ட அதே இடத்தைக் குடித்தவரின் லாரி என்ன வேகத்தில் கடக்கும்? v² = 2as என்ற சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள். வினாடிக்கு சுமார் 10.5 மீட்டர், அதாவது மணிக்கு 38 கிலோ மீட்டர்! ஒருவர் தொடாமல் நின்ற இடத்தில் மற்றவர் 38 கிலோ மீட்டர் வேகத்தில் மோதுகிறார். அரை வினாடியின் விலை ஓர் உயிர்.

மூச்சு சொல்லும் சாட்சி

ஒருவர் குடித்திருப்பதைக் காவலர் எவ்வாறு நிரூபிப்பது? வாடை அடிக்கிறது என்றால் போதாது, அளவு வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவின்படி, 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் அது குற்றம்.

இதை மூச்சிலேயே அளக்கலாம். நீர்மத்தில் கரைந்த பொருளுக்கும் அதன்மேல் உள்ள காற்றில் இருக்கும் அதன் ஆவிக்கும் குறிப்பிட்ட வெப்பநிலையில் மாறாத விகிதம் உண்டு என்பது ஹென்றி விதி. நுரையீரலின் ஆழத்திலிருந்து வரும் 2,100 மில்லி லிட்டர் மூச்சில் உள்ள ஆல்கஹால், 1 மில்லி லிட்டர் இரத்தத்தில் உள்ளதற்கு ஏறக்குறையச் சமம். இந்த அடிப்படையில் அமெரிக்காவில் இராபர்ட் போர்க்கன்ஸ்டைன் 1954இல் மூச்சுப் பரிசோதனைக் கருவி ஒன்றை அமைத்தார். அதில் பொட்டாசியம் டைகுரோமேட்டின் ஆரஞ்சு நிறம் ஆல்கஹால் பட்டதும் பச்சையாக மாறும். நிற மாற்றத்தைக் கொண்டு அளவைக் கணக்கிடுவர். இன்றைய கையடக்கக் கருவிகள் பலவற்றில் பிளாட்டினம் மின்வாய்கள் கொண்ட சிறு மின்கலம் உள்ளது. ஆல்கஹால் அசெட்டிக் அமிலமாக மாறும்போது எழும் மின்னோட்டமே அளவைக் காட்டுகிறது.

ஆனால் இந்தச் சாட்சிக்கு ஆயுள் குறைவு. கல்லீரல் ஆல்கஹாலைத் தொடர்ந்து சிதைத்துக்கொண்டே இருக்கிறது. பொதுவாக 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் மணிக்குச் சுமார் 15 மில்லி கிராம் குறையும். இரண்டு மணி நேரத்தில் 30 மில்லி கிராம். அதாவது சட்டம் குறித்த வரம்பின் முழு அளவு! விபத்துக்குப் பின் ஓடி ஒளிபவரின் குற்றச் சான்று அவர் உடலுக்குள்ளேயே அழிந்துபோகிறது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

காகிதத்தில் உள்ள தண்டனை

குடித்துவிட்டு ஓட்டினால் முன்பு முதன்முறைக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2019 செப்டம்பர் 1 முதல் அபராதம் 10,000 ரூபாய் ஆயிற்று. மறுமுறை பிடிபட்டால் 15,000 ரூபாய், 2 ஆண்டு வரை சிறை. அபாயகரமாக ஓட்டினால் முதன்முறை 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமும் 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறையும் விதிக்கலாம். ஓட்டும்போது கையில் செல்பேசி வைத்திருப்பதும், சிவப்பு விளக்கைத் தாண்டுவதும், எதிர்த் திசையில் வருவதும் இதில் அடங்கும். தமிழ்நாட்டில் உயர்த்தப்பட்ட அபராதங்கள் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன.

சாவு நேர்ந்தால் 106ஆம் பிரிவின்படி இப்போது 5 ஆண்டு வரை சிறை. தன் செயலால் உயிர் போகக்கூடும் என்று அறிந்தே செய்ததாக நிரூபணமானால் கொலையாகாத மரணம் விளைத்த குற்றம். அதற்கு 10 ஆண்டு வரை உண்டு. 2006இல் மும்பை கார்ட்டர் சாலையில் நடைபாதையில் உறங்கிய 7 பேர் கார் ஏறி இறந்த வழக்கில், 2012இல் உச்ச நீதிமன்றம் இக்குற்றத்தையே உறுதி செய்தது. விதிக்கப்பட்ட தண்டனை 3 ஆண்டு.

ஆக, காகிதத்தைப் பார்த்தால் தண்டனை குறைவு என்று சொல்வதற்கில்லை. ஆயினும் 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர். தமிழ்நாட்டில் 17,884 பேர். எங்கே தவறு?

ஒரு பெருக்கல் கணக்கு

தண்டனையின் அச்சம் என்பது ஒரு பெருக்கல் தொகை: தண்டனையின் அளவு ஒரு காரணி, பிடிபடும் வாய்ப்பு மற்றொரு காரணி. எடுத்துக்காட்டாக, அபராதம் 10,000 ரூபாய். ஆனால் ஆயிரம் பேரில் ஒருவரே பிடிபடுகிறார் என்று கொள்வோம். சராசரியாக ஒருவர் தலையில் விழுவது 10 ரூபாய். அபராதம் 2,000 ரூபாயாகவே இருந்து, இருபது பேரில் ஒருவர் பிடிபட்டால் 100 ரூபாய்! ஒரு காரணி சுழியானால் மற்றதை எவ்வளவு உயர்த்தினாலும் பெருக்கல் தொகை சுழிதான். தண்டனையின் கடுமையைவிட அதன் தப்பாத தன்மையே குற்றத்தைத் தடுக்கும் என்று இத்தாலிய அறிஞர் பெக்காரியா 1764இலேயே எழுதினார்.

இதற்குச் சான்றுகள் உண்டு. பிரிட்டனில் 1967 அக்டோபரில் மூச்சுப் பரிசோதனைச் சட்டம் வந்ததும் சாலைச் சாவுகள் சட்டெனக் குறைந்தன. ஆனால் நாளடைவில், பிடிபடும் வாய்ப்பு எண்ணியதைவிடக் குறைவு என்று மக்கள் கண்டுகொண்டதும், சட்டத்தின் பயன் தேய்ந்துபோனது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1982 டிசம்பரில் வேறு வழியை மேற்கொண்டது. ஐயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எந்த வண்டியையும் நிறுத்திச் சோதிக்கலாம் என்றது. 1982இல் 1,250க்கு மேல் இருந்த சாலைச் சாவுகள் மறு ஆண்டில் 1,000க்குக் கீழே இறங்கின. நம் சட்டத்தின் 203ஆம் பிரிவோ, நியாயமான ஐயம் இருந்தால்தான் மூச்சைச் சோதிக்க இடம் தருகிறது.

மதுவை எட்டாத தொலைவில் வைப்பதும் ஒரு வழியே. தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கில்தான் 2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று ஆணையிட்டது. 2017இல் சிற்றூர்களுக்கும் நகராட்சிப் பகுதிகளுக்கும் அந்த ஆணை தளர்த்தப்பட்டது.

டிரைவர்கள் சொல்லும் நியாயம்

இனி 106ஆம் பிரிவுக்குத் திரும்புவோம். ஓடிப்போனால் மூச்சின் சாட்சி அழியும் என்று கண்டோம். ஆகவே ஓடுவதால் இலாபம் கிடைக்கக் கூடாது என்று சட்டம் எண்ணியதில் நியாயம் உண்டு. அடிபட்டவர் சாலையில் கிடக்க, உதவாமல் போவது மனிதத் தன்மையும் அன்று.

ஆனால் டிரைவர்கள் கேட்பது: "நின்றால் கூட்டம் அடித்தே கொன்றுவிடுமே?" இந்த அச்சம் பொய்யன்று. தவறு யாருடையதாயினும் பெரிய வண்டிக்காரரை அடிப்பது நம் ஊர்களில் வழக்கமாகிவிட்டது. உயிருக்கு அஞ்சி அகன்று, அடுத்த காவல் நிலையத்தில் தெரிவிப்பவரையும், குற்றத்தை மறைக்க ஓடுபவரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. 2024 ஜூலை 1 அன்று புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது இந்த உட்பிரிவு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது. கும்பலாகத் தாக்குவதை நாம் நிறுத்தினால்தான் ஓடுபவரைக் கடுமையாகத் தண்டிக்கும் உரிமை நமக்கு வரும்.

கருவிக்கு எட்டாத மயக்கம்

தூக்கமும் ஒரு போதைதான். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 50 மில்லி கிராம் ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்குத் தாழ்ந்துவிடுவதாக 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டனர். இது நம் சட்ட வரம்பைவிட மிகுதி! காலை 6 மணிக்கு எழுந்தவர் இரவு 11 மணிக்கு இந்நிலையை அடைகிறார். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961இலேயே நாளுக்கு 8 மணி நேர வேலை, 5 மணிக்கொருமுறை அரை மணி ஓய்வு என்று வரையறுத்தது. ஆனால் தூக்கத்தை அளக்க மூச்சுக் கருவி ஏது? "விடிவதற்குள் சரக்கு போய்ச் சேர வேண்டும்" என்று நேரம் குறிப்பவர் விபத்து நடந்த இடத்தில் இருப்பதில்லை; ஸ்டியரிங்கைப் பிடித்தவர் மட்டுமே இருக்கிறார்.

சேலத்துக்கு வடக்கே தொப்பூர்க் கணவாய் இறக்கத்தைப் பாருங்கள். 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் அங்கு வண்டிகள் அடுத்தடுத்து மோதிப் பல உயிர்கள் போயின. 30 டன் லாரி 100 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 290 லட்சம் ஜூல். 30 டிகிரியில் உள்ள 100 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும்! டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்கினால் இத்தனை வெப்பமும் பிரேக்கின் தலையில் விழும். சூடேறிய பிரேக் பிடி தளரும். குறைந்த கியரில் இறங்கினால் எஞ்சினே வேகத்தைத் தடுக்கும். இதைக் கற்பிக்க வேண்டிய இடம் சிறைச்சாலை அன்று, ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி.

ஆகவே, தண்டனை போதுமா என்ற வினாவுக்கு விடை இதுதான்: எழுதப்பட்ட தண்டனை பெரும்பாலும் போதும்; அது தப்பாமல் வந்து சேரும் என்ற உறுதிதான் போதவில்லை. இரவுதோறும் நெடுஞ்சாலையில் மூச்சுச் சோதனை, டிரைவருக்கு உண்மையான ஓய்வு, நேரம் குறிப்பவருக்கும் பொறுப்பு - இவை மூன்றும் சிறை ஆண்டுகளைக் கூட்டுவதைவிட அதிக உயிர்களைக் காக்கும்.

உங்களுக்கு ஒரு சோதனை

சட்டத்தின் 199-ஏ பிரிவு உங்களைப் பற்றியது. 18 வயது நிரம்பாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் புரிந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. அந்த மாணவருக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. டியூஷனுக்கு அண்ணனின் பைக்கை எடுக்குமுன் இதை எண்ணிப் பாருங்கள்.

இனிச் சோதனை. நண்பர் ஒருவர் 30 செ.மீ. அளவுகோலைச் செங்குத்தாகப் பிடிக்கட்டும். அதன் சுழிக் குறிக்கு நேராக உங்கள் விரல்கள் தொடாமல் இருக்கட்டும். அவர் சொல்லாமல் விடும்போது பிடியுங்கள். 15 செ.மீ.இல் பிடித்தால் உங்கள் எதிர்வினை நேரம் 0.17 வினாடி, 20 செ.மீ. ஆனால் 0.20, 25 செ.மீ. ஆனால் 0.23. காலையில் பத்து முறையும், இரவு கண் சொக்கும் நேரத்தில் பத்து முறையும் செய்து சராசரி காணுங்கள். லாரி ஓட்டும் தந்தையோ மாமாவோ வீட்டில் இருந்தால், இரவுப் பயணம் முடித்து வந்ததும் ஒருமுறையும், நன்றாக உறங்கி எழுந்த பின் ஒருமுறையும் அவரையும் பிடிக்கச் சொல்லுங்கள். இரண்டு எண்களையும் அவரிடம் காட்டுங்கள்.