கடல் கடந்து வந்த குழல்

ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாள் கோயில் விழா நாள்களில் நாகசுரம் முழங்கும். அவ்வூர் முதல் ஒரகடம் ஈறாகவுள்ள தொழிற்சாலைகளிலோ, பிற நாட்டார் வகுத்த பொறிகளை நம் மக்கள் இயக்குகின்றனர். நாகசுர மரபில் தோன்றி அயல்நாட்டுக் கருவியொன்றைத் தம் வயப்படுத்தியவர் கத்ரி கோபால்நாத். அக்கருவி சாக்சபோன்.

அவர் 1949ஆம் ஆண்டில் மங்களூரை அடுத்த பகுதியில் பிறந்தார். தந்தையார் தனியப்பா நாகசுரக் கலைஞர். மைசூர் அரண்மனை வாத்தியக் குழுவினர் சாக்சபோன் வாசிக்கக் கேட்ட இளைஞரின் உள்ளம் அதன்பாற் சென்றது, பின்னர் மீளவேயில்லை.

சாக்சபோன், பெல்ஜிய நாட்டவரான அடால்ஃப் சாக்ஸ் என்பார் ஆக்கி, 1846இல் பாரிசில் உரிமை பெற்ற கருவியாகும். உடல் பித்தளையாயினும் ஓசையைப் பிறப்பிப்பது நாணற் சீவலே. நாகசுரத்துக்கும் சீவாளி உண்டன்றோ? ஆயின் அஃது இரட்டை நாக்கு. இது ஒற்றை நாக்கு. பெரிய வேற்றுமை துளைகளில் உள்ளது. நாகசுரக்காரர் துளையை விரலால் பாதி மூடியும் மெல்லத் திறந்தும் சுரத்தைக் குழைப்பார். சாக்சபோனின் துளைகளோ விரலுக்கு அடங்காதவை. மெத்தை வைத்த மூடிகளே அவற்றை மூடும். ஆதலின் சுரங்கள் படிக்கட்டுகள்போலத் தனித்தனியே நிற்கும். ஜாஸ் இசைஞர் உதட்டின் அழுத்தத்தால் அவற்றைச் சிறிது வளைப்பர். நம் இசைக்கு அவ்வளவு போதாது. கமகமின்றித் தோடி ஏது?

இவ்விடர்ப்பாட்டை வெல்லவே கோபால்நாத் பல்லாண்டு உழைத்தார். மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரிடமும், சென்னையில் டி. வி. கோபாலகிருஷ்ணனிடமும் பயின்றார். பின்னவர் வாய்ப்பாட்டிலும் மிருதங்கத்திலும் வல்லவர். குரலில் கேட்டதைக் குழலில் கொணர, உதட்டையும் மூச்சையும் பழக்கியதோடு கருவியிலும் சில மாற்றங்கள் செய்துகொண்டார். பாடம் கேட்பது எளிது. பித்தளையைப் பாடச் செய்வது எளிதோ?

1980இல் பம்பாயில் நடந்த ஜாஸ் விழாவில் அவர் வாசிப்பைக் கேட்ட அமெரிக்க ஜாஸ் கலைஞர் ஜான் ஹேண்டி, தாமும் உடன் வாசிக்க விரும்பி மேடையேறினார். 1994இல் இலண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் பி.பி.சி. நடத்திய இசை விழாவில் கோபால்நாத் வாசித்தார். அவ்வாண்டே வெளிவந்த ‘டூயட்’ திரைப்படம், கச்சேரி கேளாதாரிடத்தும் அவ்வொலியைக் கொண்டு சேர்த்தது. 2004இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2019இல் அவர் மறைந்தார்.

அவர் கச்சேரிகளில் கன்னியாகுமரி அம்மையாரின் வயலினும் மிருதங்கமும் இணையும். அவற்றோடு பலகாலும் தவிலும் அமர்ந்திருக்கும். தந்தையாரின் நாகசுரத்துக்குத் துணை நின்ற அதே தவில்.