அறிந்தபின் மாற்றுவோம்

மலேசியாவில் 16 வயது நிரம்பியவர்கள் மோட்டார் சைக்கிள் உரிமத்திற்கு விண்ணப்பிக்கலாம். எனவே, இடைநிலைப்பள்ளியில் பயிலும்போதே பலருக்கு முதல் மோட்டார் சைக்கிள் அமைந்துவிடுகிறது. பெரும்பாலும் அது 'காப்சாய்' என்று நாம் அழைக்கும் சிறிய வகை வண்டியாகவே இருக்கும். 1958ஆம் ஆண்டில் ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் அறிமுகப்படுத்திய 'சூப்பர் கப்' இவ்வகை வண்டிகளுக்கு முன்னோடியாகும்.

புதிய வண்டி கைக்கு வந்ததும் அதை நம் விருப்பப்படி மாற்றி அழகுபார்க்க ஆசை எழுவது இயல்பே. ஆயினும், ஆழம் அறியாமல் காலை விடக்கூடாது. வண்டியை நன்கு அறிந்துகொண்ட பிறகே அதில் மாற்றம் செய்ய வேண்டும்.

முதலில், வண்டியோடு வரும் கையேட்டைப் படிக்க வேண்டும். டயரில் இருக்க வேண்டிய காற்றின் அளவு, சங்கிலியின் தளர்வு, வண்டி சுமக்கக்கூடிய எடை ஆகிய விவரங்கள் அதில் இருக்கும். புதிய இயந்திரத்தில் பிஸ்டன் வளையங்களும் சிலிண்டரின் உட்சுவரும் ஒன்றோடொன்று உராய்ந்து, சிறிது சிறிதாகப் பொருந்துகின்றன. அப்போது நுண்ணிய உலோகத் துகள்கள் எண்ணெயில் கலக்கின்றன. ஆகவேதான், தொடக்கத்தில் முழு வேகத்தில் ஓட்டாமல், கையேடு கூறும் தூரத்தில் முதல் எண்ணெய் மாற்றத்தைச் செய்ய வேண்டும். புதிய டயரின் மேற்பரப்பும் முதலில் சற்று வழுக்கும். எனவே, தொடக்க நாள்களில் வளைவுகளில் மெதுவாகச் செல்வது நல்லது.

அடுத்து, பிரேக்கைப் பழக வேண்டும். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்னோக்கிச் சாய்கிறது. அதனால் முன்சக்கரம் சாலையை உறுதியாகப் பற்றிக்கொள்கிறது. வண்டியை நிறுத்தும் ஆற்றலில் பெரும்பகுதி முன் பிரேக்கிலிருந்தே கிடைக்கிறது. விழுந்துவிடுவோம் என்று அஞ்சிப் பின் பிரேக்கை மட்டும் பயன்படுத்தினால், வண்டி நிற்க அதிகத் தூரம் தேவைப்படும். ஆகவே, ஆளில்லாத திடலில் வண்டியை நேராகச் செலுத்தி, இரு பிரேக்குகளையும் சேர்த்து, மெல்ல மெல்ல அழுத்தத்தைக் கூட்டிப் பழக வேண்டும்.

இதன் பிறகே மாற்றங்களைப் பற்றிச் சிந்திக்கலாம். முதல் மாற்றம் பணம் செலவில்லாதது; வண்டியை நம் உடலுக்குப் பொருத்துவதே அது. விரல்கள் எளிதில் எட்டும்படி பிரேக் பிடியின் கோணத்தைச் சரிசெய்யலாம். நம் தோளைவிடப் பின்னால் வரும் வாகனங்களே மிகுதியாகத் தெரியும்படி கண்ணாடிகளைத் திருப்பலாம். அதற்கடுத்து, தேவைக்கேற்ப முன்கூடையோ பின்பெட்டியோ பொருத்தலாம். ஆனால், பின்புறம் சுமை மிகுந்தால் முன்சக்கரத்தின் பிடிப்பு குறையும் என்பதை மறந்துவிடக்கூடாது.

சில மாற்றங்களோ ஆபத்தை விளைவிக்கும். ஒல்லியான டயர் சாலையைத் தொடும் பரப்பு குறைவு. மழையிலும் குழிகளிலும் அது நம்மைக் கைவிட்டுவிடும். வண்டியைத் தாழ்த்தினால், வளைவில் சாயும்போது கால்மிதி தரையில் உரசும். கண்ணாடியைக் கழற்றினால் பின்னால் வருவது தெரியாது. முகப்பு விளக்கைக் கருமையாக்கினால் நாம் பிறர் கண்ணில் படமாட்டோம். மோட்டார் சைக்கிள் பகலிலும் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காகவே, முகப்பு விளக்கை எரியவிட்டு ஓட்டுவதை நம் நாடு 1992ஆம் ஆண்டில் கட்டாயமாக்கியது. இரைச்சலிடும் புகைபோக்கி அண்டை வீட்டாரின் உறக்கத்தைக் கெடுப்பதோடு, தண்டத்திற்கும் வழிவகுக்கும். இயந்திரத்தையோ வண்டியின் கட்டமைப்பையோ மாற்ற விரும்பினால், சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதியைப் பெற வேண்டும். அனுமதியின்றி மாற்றிய வண்டி விபத்துக்குள்ளானால், காப்புறுதி இழப்பீடு பெறுவதிலும் சிக்கல் எழலாம்.

நம் நாட்டுச் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. ஆகவே, எந்த மாற்றத்தையும் செய்வதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்ப்போம். இம்மாற்றத்தால் வண்டி விரைவாக நிற்குமா? பிறருக்கு என்னைத் தெளிவாகக் காட்டுமா? சட்டம் இதனை ஏற்குமா? இவற்றுள் ஒன்றுக்கு 'இல்லாமல் போய்விடும்' என்ற விடை வந்தாலும் அம்மாற்றத்தைக் கைவிடுவதே அறிவுடைமை. பார்ப்போரைக் கவரும் வண்டியைவிட, ஓட்டுபவரைப் பத்திரமாக வீடு சேர்க்கும் வண்டியே சிறந்த வண்டியாகும்.