கூட்டம் வராத மைதானத்து நாயகர்கள்

கிரிக்கெட் என்றதும் உங்களுக்கு யார் யார் ஞாபகத்துக்கு வருகிறார்கள்? தோனி, கோலி, பும்ரா என்று மூச்சுவிடாமல் சொல்வீர்கள். ரிக்கி புய், தனய் தியாகராஜன், அக்னி சோப்ரா ஆகியோரைத் தெரியுமா? விழிக்கிறீர்களே!

2025 பிப்ரவரி 1-ந் தேதி மும்பையில் இந்திய கிரிக்கெட் வாரியம் நடத்திய விருது விழாவில் சச்சினுக்கு வாழ்நாள் சாதனையாளர் விருது கிடைத்தது. அதே விழாவின் விருதுப் பட்டியலில்தான் இந்த மூவரின் பெயரும் இருந்தது. நான்காவதாக நம் தமிழ்நாட்டுக்காரர் ஒருவரும் உண்டு. அவர் ஆர்.சாய் கிஷோர்.

இவர்கள் நால்வருக்கும் கிடைத்தது மாதவராவ் சிந்தியா விருது. ரஞ்சிக் கோப்பைப் பருவம் ஒன்றில் அதிக ரன் எடுத்தவருக்கும், அதிக விக்கெட் வீழ்த்தியவருக்கும் கொடுப்பது இது. எலைட், பிளேட் என்று அணிகளை இரண்டு பிரிவாகப் பிரித்திருப்பதால், அந்த முறை பிரிவுக்கு இரண்டு பேராக நால்வர் பெற்றார்கள். எனக்கு இந்த விருது பிடித்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. இங்கே நடுவர் குழு உட்கார்ந்து யோசிக்க வேண்டியதில்லை. சிபாரிசும் செல்லாது. கணக்குப் பரீட்சை மாதிரி, கூட்டிப் பார்த்தால் விடை வந்துவிடும்!

மாதவராவ் சிந்தியா 1990 முதல் 1993 வரை கிரிக்கெட் வாரியத் தலைவராக இருந்தவர். குவாலியர் அரச குடும்பத்தவர், மராட்டியர். மராட்டியர் என்றதும் நம் செஞ்சிக் கோட்டை நினைவுக்கு வராமல் இருக்குமா? சிவாஜியின் மகன் ராஜாராம் இங்கே தங்கியிருந்தபோது, மொகலாயப் படை 1690 முதல் 1698 வரை கோட்டையை முற்றுகையிட்டது. எட்டு வருஷம்! ராஜகிரி அடிவாரத்தில் மட்டையும் பந்துமாகத் திரியும் செஞ்சிப் பிள்ளைகளே, நான்கு நாள் ஆட்டம் ரொம்ப நீளம் என்று இனிமேல் சொல்லாதீர்கள்.

ஆனால், ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் ஒரே நாளில் முடிந்துபோனது என்பது வேடிக்கை! 1934 நவம்பர் 4-ந் தேதி சேப்பாக்கத்தில் மெட்ராஸ் அணியும் மைசூர் அணியும் மோதின. முதல் பந்தை வீசியவர் எம்.ஜே.கோபாலன். ஏ.ஜி.ராம்சிங் 11 விக்கெட் எடுக்க, சாயங்காலத்துக்குள் மெட்ராஸ் ஜெயித்துவிட்டது.

சாய் கிஷோர் கதைக்கு வருவோம். 2023-24 பருவத்தில் அவர்தான் தமிழ்நாட்டு அணித் தலைவர். ஏழு வருடத்துக்குப் பிறகு அணி அரையிறுதிக்குப் போனது. அங்கே மும்பையிடம் தோற்றது. ஆனாலும் அந்தப் பருவத்தில் அவர் எடுத்த விக்கெட் 53. எலைட் பிரிவில் அதுவே அதிகம். அதற்குச் சில மாதம் முன்பு, 2023 அக்டோபரில், சீனாவின் ஹாங்சோ நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. இந்தியாவுக்காக முதன்முதலாக ஆட வந்த சாய் கிஷோர், தேசிய கீதம் ஒலித்தபோது கண் கலங்கி நின்றார். தொலைக்காட்சியில் பார்த்தவர்களும் கலங்கினார்கள்.

அவர் இடது கைச் சுழற்பந்து வீச்சாளர். அவர் 53 விக்கெட் எடுத்த அதே பருவத்தில் இந்திய டெஸ்ட் அணியில் ஜடேஜா, அக்சர் படேல், குல்தீப் யாதவ் என்று மூன்று இடது கைச் சுழல் வீரர்கள் இருந்தார்கள். நாலாவது ஆளுக்கு எங்கே இடம்?

இது பழைய கஷ்டம்தான். அரியானாவின் ராஜிந்தர் கோயலும் இதே வகைப் பந்து வீச்சாளர். ரஞ்சியில் அவர் எடுத்த 637 விக்கெட்டை இன்னும் யாரும் தொடவில்லை. ஆனால், அவர் காலத்தில் பிஷன் சிங் பேடி இருந்தார். 1974-ல் பெங்களூர் டெஸ்டுக்குப் பேடி இல்லாதபோது கோயலை அழைத்தார்கள். ஆடும் பதினொருவரில் மட்டும் சேர்க்கவில்லை. கடைசிவரை ஒரு டெஸ்ட்கூட ஆடாமலே ஓய்வு பெற்றார். 2017-ல் அவருக்கு சி.கே.நாயுடு வாழ்நாள் சாதனையாளர் விருது கொடுத்தார்கள். கொடுத்தது சரி. ஆனால், அதைப் பெறும்போது அவருக்கு எழுபது வயதுக்கு மேல் என்பதுதான் என் மனசுக்கு ஆறவில்லை.

எல்லாருக்கும் அப்படியே ஆகிவிடுவதில்லை. சௌராஷ்டிராவின் ஜெயதேவ் உனத்கட் 2010 டிசம்பரில், 19 வயதில், ஒரு டெஸ்ட் ஆடினார். விக்கெட் கிடைக்கவில்லை. பிறகு டெஸ்ட் அணிக்கு அழைப்பே இல்லை. 2019-20 ரஞ்சிப் பருவத்தில் 67 விக்கெட் வீழ்த்தி, சௌராஷ்டிராவுக்கு முதல் கோப்பையையும் வாங்கித் தந்தார். சிந்தியா விருதும் அவருக்கே. 2022 டிசம்பரில், சரியாக 12 ஆண்டு கழித்து, வங்கதேசத்தில் இரண்டாவது டெஸ்ட் ஆடினார். முதல் டெஸ்ட் விக்கெட் அப்போதுதான் கிடைத்தது!

அமெரிக்காவில் பேஸ்பால் என்ற ஆட்டம் நம் கிரிக்கெட் போலப் பிரபலம். பெரிய லீகுக்குக் கீழே, சின்ன ஊர்களில் ஆடும் 'மைனர் லீக்' அணிகள் உண்டு. அங்கேயும் வருடா வருடம் சிறந்த வீரருக்கு விருது உண்டு. 'பேஸ்பால் அமெரிக்கா' என்ற பத்திரிகை 1994-ல் அப்படித் தேர்ந்தெடுத்த டெரெக் ஜீட்டர், பிறகு நியூயார்க் யாங்கீஸ் அணியின் தலைவரானார். நம் நாட்டு ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற இருவரும் 2008-ல் பிட்ஸ்பர்க் அணியில் ஒப்பந்தமாகி மைனர் லீகில் ஆடினார்கள் என்பது கூடுதல் செய்தி.

உங்கள் வயதுக்காரர்களுக்கும் விருது இருக்கிறது. 16 வயதுக்குட்பட்டோர் ஆடும் விஜய் மெர்ச்சன்ட் கோப்பையில் முதலிடம் பெறுபவர்களுக்கு ஜக்மோகன் டால்மியா பெயரிலும், 19 வயதுக்குட்பட்டோருக்கு எம்.ஏ.சிதம்பரம் பெயரிலும் கொடுக்கிறார்கள். ஆமாம், சேப்பாக்கம் மைதானத்துக்குப் பெயர் தந்த அதே சிதம்பரம்தான்.

ரஞ்சிப் பருவம் வழக்கமாக அக்டோபர் வாக்கில் தொடங்கும். விளையாட்டுப் பக்கத்தின் மூலையில், பொடி எழுத்தில் ஸ்கோர் வரும். ஒரு நோட்டு போட்டு, நம் அணியில் யார் எத்தனை விக்கெட், எத்தனை ரன் என்று வாரா வாரம் கூட்டி வாருங்கள். அடுத்த விருது யாருக்கு என்று கிரிக்கெட் வாரியம் சொல்வதற்கு முன்பே நீங்கள் சொல்லிவிடலாம்!