மலையேறும் சக்கரங்கள் – 11: சிவப்பு லைட்டும் பிரேக்கும்

பேன் பெல்ட் என்றதும் மஸ்கெலியா டிரைவர்கள் ஏற்றத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். பெல்ட் அறுந்தால் வோட்டர் பம்ப் நிற்கும், தண்ணீர் கொதிக்கும், சிலிண்டர் ஹெட் வளையும். உண்மைதான். சிவனொளிபாத மலை சீசனில், டிசம்பர் போயா முதல் வெசாக் வரை, நல்லதண்ணிப் பாதையில் நின்று நின்று முதல் கியரில் ஊரும் வண்டிக்கு எதிர்க்காற்றே கிடைக்காது. விசிறியும் பம்பும்தான் எஞ்சினைக் காப்பாற்றுகின்றன. ஆனால் ஏற்றத்தில் பெல்ட் போனால் நட்டம் பெரும்பாலும் எஞ்சினோடு முடிந்துவிடும். வண்டியை ஓரங்கட்டி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு உட்காரலாம். இறக்கத்தில் அந்த அவகாசம் கிடையாது. இந்த வாரம் இறக்கத்தைப் பார்ப்போம்.

பெட்ரோல் எஞ்சின் காற்றை இழுக்கும்போதே வெற்றிடம் உண்டாகும். பிரேக் பூஸ்டர் அதை வைத்தே வேலை செய்யும். டீசல் எஞ்சினில் காற்று தடையில்லாமல் உள்ளே போகிறது, அதனால் அந்த வெற்றிடம் கிடைப்பதில்லை. தனியாக ஒரு வெக்கியூம் பம்ப் வேண்டும். நம் தோட்டங்களில் ஓடும் இசுசு எல்ஃப், மிட்சுபிஷி கென்டர் போன்ற சிறிய லொறிகள் பலவற்றில் அந்தப் பம்பை எங்கே பொருத்தியிருக்கிறார்கள் தெரியுமா? ஓல்டர்னேட்டரின் முதுகில். ஓல்டர்னேட்டரைச் சுற்றுவது பேன் பெல்ட். ஆக, பெல்ட் அறுந்த கணத்தில் சார்ஜும் போகிறது, பிரேக்குக்கு இருந்த துணையும் போகிறது. தேங்கி நிற்கும் வெற்றிடம் ஓரிரு மிதிக்குத் தாங்கும். பிறகு பெடல் இறுகிவிடும். பிரேக் அடியோடு இல்லாமல் போவதில்லை. உடம்பின் பாரம் முழுவதையும் காலில் இறக்கினால் கொஞ்சம் பிடிக்கும். போதாக்குறைக்கு, பல மொடல்களில் எக்ஸோஸ்ட் பிரேக்கை மூடித் திறப்பதும் இதே வெற்றிடம்தான். தேயிலைத்தூள் மூட்டை ஏற்றிக்கொண்டு கினிகத்தேனை தாண்டி கித்துல்கலைக்கு இறங்கும் வண்டிக்கு இரண்டும் ஒன்றாகப் போவது எப்படியிருக்கும் என்று அந்தப் பாதை தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பெரிய டாட்டா, லேலண்ட் லொறிகளில் இருப்பது காற்று பிரேக். அதற்கான கம்ப்ரஸரைப் பெரும்பாலும் எஞ்சினின் கியரே சுற்றுகிறது. பெல்ட் அறுந்தாலும் பிரேக் இருக்கும். எனவே பழுது பார்க்கிறவர் சத்தத்தைக் கேட்பதற்கு முன்னால், கெபினைத் தூக்கி, இந்த எஞ்சினில் பெல்ட் எதையெல்லாம் சுற்றுகிறது என்று ஒவ்வொரு புல்லியாகப் பார்க்க வேண்டும். பெரிய லொறியிலேயே கை பழகியவர் எல்ஃபுக்கு வரும்போது இது அவசியம்.

அறிகுறிகளில் முதலில் வருவது டேஷ்போர்டின் சார்ஜ் லைட். ஹீட் மீட்டர் முள் ஏறச் சில நிமிடங்களாவது ஆகும். இறக்கத்தில் எஞ்சினுக்குச் சுமை குறைவு என்பதால் முள் இன்னும் பிந்தும். சிவப்பு லைட்டோ உடனே எரியும். ஆனால் அதை யாரும் மதிப்பதில்லை. பெட்டரி இறங்கினாலும் டீசல் எஞ்சின் ஓடும், பகல் வேளை, ஸ்டோருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு. கொழுந்து லொறியென்றால் அவசரமும் சேர்ந்துகொள்ளும்: மூட்டைக்குள் நெருங்கிக் கிடக்கும் கொழுந்து சூடேறிச் சிவந்துவிட்டால் ஏச்சு வாங்குவது டிரைவர்தான். என் கட்சி இது: பெல்ட் பிரேக்கையும் சுமக்கும் வண்டியில் அந்த லைட்டை பிரேக் எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். லைட் எரிந்ததும் பெடலைத் திரும்பத் திரும்ப மிதித்து மிச்ச வெற்றிடத்தைத் தீர்க்காமல், கியரைக் குறைத்து, மலைப்பக்கமாக ஒதுங்கி நிறுத்த வேண்டும். டீசல் மிச்சம் என்று எஞ்சினை அணைத்து நியூட்ரலில் உருட்டிக்கொண்டு போகும் வீரர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பெல்ட் அறுந்திருந்தாலும் ஒன்றுதான், அறுகாவிட்டாலும் ஒன்றுதான்.

இனி சத்தம். முன்பு வண்டிகளில் ஒன்றுக்கு இரண்டாக வி வடிவப் பெல்ட் இருந்தது. இப்போது பல வரிகள் கொண்ட ஒரே நீளப் பெல்ட் எல்லாப் புல்லிகளையும் வளைத்து வளைத்துச் சுற்றிக்கொண்டு வருகிறது. 1979இல் ஃபோர்ட் மஸ்டாங் காரில் வந்த ஏற்பாடு இது. கம்மின்ஸ் பி வரிசை போன்ற எஞ்சின்களால் லொறிக்காரர்களுக்கும் பழகிவிட்டது. மவுஸ்ஸாக்கலைப் பக்கத்துப் பனிமூட்டத்தில் இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்தால் பெல்ட் கத்தும். பெல்ட்டில் ஈரம், ஸ்டார்ட்டர் இழுத்ததை ஈடுசெய்ய ஓல்டர்னேட்டரும் கடுமையாக வேலை செய்யும். சில விநாடிகளில் அடங்கினால் குறித்து வைத்துக்கொண்டு புறப்படலாம். அடங்காவிட்டால் கொஞ்சம் தண்ணீர் போதும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது, கையையும் சட்டையையும் தள்ளி வைத்துக்கொண்டு, பெல்ட்டின் வரியுள்ள பக்கத்தில் தெளியுங்கள். சத்தம் நின்று, காய்ந்ததும் திரும்ப வந்தால் ஏதோ ஒரு புல்லி நேர்கோட்டில் இல்லை. சத்தம் கூடினால் பெல்ட் வழுக்குகிறது, இழுவிசை போதவில்லை. குருவி கத்துவதுபோல விட்டுவிட்டுக் கேட்பது பெரும்பாலும் முதல் வகை, இழுத்துக் கிறீச்சிடுவது இரண்டாம் வகை.

வெடிப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் பழக்கம் பழைய ரப்பருக்குச் சரி. இப்போதைய ஈபிடிஎம் ரப்பர் எளிதில் வெடிக்காது, டயரைப்போல் தேயும். வரிகளுக்கு நடுவேயுள்ள பள்ளம் அகன்று, புல்லியின் மேடு பள்ளத்தின் அடியில் போய் முட்டும்போது பிடிமானம் போய்விடுகிறது. பார்வைக்குப் பெல்ட் புதிதுபோலவே இருக்கும். விளிம்பில் நூல் பிரிந்திருந்தால் புல்லி கோணல். வரிகள் ஊதி மெதுவாகியிருந்தால் மேலேயிருந்து எண்ணெயோ டீசலோ சொட்டுகிறது. கசிவை அடைக்காமல் புதுப் பெல்ட் போடுவது காசுக்குக் கேடு.

பெல்ட்டைக் கழற்றியதும் ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்றாலோ ஆடினாலோ பேரிங் போய்விட்டது. எஞ்சின் ஓடும்போது டென்ஷனர் கை படபடவென்று துடித்தால் அதையும் மாற்ற வேண்டும். பலர் மறப்பது கிரேங்க் புல்லி. நடுக்குடத்துக்கும் வெளிவளையத்துக்கும் இடையில் ரப்பர் வைத்த புல்லியானால், இரண்டுக்கும் குறுக்கே வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு போட்டு, சில நாள் ஓட்டிவிட்டுப் பாருங்கள். கோடு விலகியிருந்தால் ரப்பர் விட்டுவிட்டது. எத்தனை பெல்ட் மாற்றினாலும் கத்தல் நிற்காது.

சவர்க்காரம் தேய்ப்பதை மட்டும் தயவுசெய்து விடுங்கள். சத்தம் அடங்கும், வழுக்கல் அடங்காது. கத்தாமல் வழுக்கும் பெல்ட் இன்னும் மோசம், ஏனென்றால் யாரும் கெபினைத் தூக்க மாட்டார்கள்.

பெல்ட் வாங்கப் போகும்போது பழையதின் முதுகில் இருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 8பிகே1420 என்றிருந்தால் 8 வரி, 1420 மில்லிமீற்றர் நீளம். 2022 நெருக்கடியில் புதிய பாகம் கிடைக்காமல் கிடைத்ததைப் பூட்டி ஓடிய பழக்கம் சிலரிடம் இன்னும் இருக்கிறது; நீளம் கொஞ்சம் முன்பின் இருந்தால் டென்ஷனர் பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். அதன் கை போய்வர ஓர் எல்லை உண்டு. எல்லையில் முட்டி நின்றால் அது டென்ஷனரே இல்லை. பஞ்சிகாவத்தையில் எஞ்சின் எடுத்தால், கூடவே வரும் பெல்ட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியது பூட்டுங்கள். அது ஜப்பானில் எவ்வளவு ஓடியது என்று விற்கிறவருக்கும் தெரியாது.

அடுத்த வாரம்: எக்ஸோஸ்ட் பிரேக்.

(தொடரும்)